போனில் கேட்ட மிங்கா

வீட்டை இழுக்க வரச்சொல்லி ஒரியேத்தா ஊர் முழுக்கப் போனில் செய்தி அனுப்பியிருந்தாள். மீன் ஆலையில் இடைவேளை மணி அடித்து, பெண்கள் ஈரக் கையுறையை உரித்துப் போட்டுப் பூட்டுப்பெட்டியிலிருந்து போனை எடுத்தபோது அது வெளியே வந்தது.

"இங்க பாருங்கட்டி இந்தக் கூத்த" என்று முதலில் கத்தியவள் ப்ருனில்தா. ஒரியேத்தாவுக்கு நாத்தனார், அவள் கணவன் கலிஸ்தோவின் அக்கா. சால்மனுக்கு முள் பிடுங்குகிற வரிசையில் ப்ருனில்தாவை விட வேகமான கை கிடையாது. வாயும் அப்படித்தான். பெஞ்சின் மேல் ஏறி நின்று, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் வாசிக்கிற மாதிரி வாசித்தாள்.

"'அன்புள்ள அயலாருக்கு வணக்கம். எங்கள் வீட்டைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றும் பணியில் உங்கள் ஒத்துழைப்பை நாடுகிறேன். உங்கள் நேரத்தையும் சூழலையும் முழுமையாக மதிக்கிறேன். வர இயலாவிட்டால் அதற்காக எந்தக் குற்றவுணர்வும் கொள்ள வேண்டாம். வர இயலும் என்றால் கட்டைவிரல் குறி இடவும்.'"

"குற்றவுணர்வு கொள்ள வேண்டாமாம்! யாரு இவ, பாதிரியாரா? பாவத்த முன்கூட்டியே மன்னிக்கா."

"கட்டவெரல் போதுமாம்ட்டி. மிச்ச உடம்பு வீட்டுலயே கெடக்கலாம்."

"வெரல வச்சு வீட்ட எப்படி இழுக்க? மூக்குல விட்டா?"

சிரித்துச் சிரித்து ஒருத்திக்குக் காபி புரையேறியது. நான் சிரிக்கவில்லை. என் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கடல்வளம் படித்துவிட்டு இந்த ஆலையில் செத்த மீனுக்கு வெப்பமானி குத்திக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு சீக்கிரம் வருவதில்லை. தவிர, அந்தச் செய்தியை எழுதியது ஒரியேத்தா இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் புந்தா ரௌலியில் மிங்கா என்கிற ஊருதவி கேட்பதென்றால் வீடு வீடாகப் போக வேண்டும். அடுப்பருகே உட்கார்ந்து, நீட்டுகிற மாத்தேத் தேநீரை உறிஞ்சி, அவர்கள் மாட்டின் கதையையும் முழங்கால் வலியையும் கேட்டு முடித்து, அப்புறம் எழுந்து நின்று 'ஒரு வேண்டலோட வந்திருக்கேன்' என்று சொல்ல வேண்டும். அப்படிக் கேட்டவளிடம் யாரும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அவர்கள் கேட்டு வருகிற நாளில் அவளும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. கூலி இல்லை, சோறு உண்டு. இவளோ மாட்டேன் என்று சொல்ல அனுமதியையும் சேர்த்தே அனுப்பிவிட்டாள். ஊர் அந்த அனுமதியை எடுத்துக்கொண்டது.

விளையாட்டுக் காரியமில்லை. போன குளிர்காலத்தில் கடல் கரையை அரித்து, அவர்களுடைய விறகுக் கொட்டகையைக் கொண்டுபோயிற்று. இப்போது சமையலறைக்கு வெளியே நின்று எச்சில் துப்பினால் கடலில் விழும். நகராட்சி ஆள் வந்து முளை அடித்து, அடுத்த பெரும்புயலுக்கு முன்னால் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். மேட்டில் கலிஸ்தோவுக்கு அப்பா விட்டுப்போன நிலம் இருக்கிறது. மரவீடுதானே, சறுக்குக் கட்டை மேல் ஏற்றி மாடு கட்டி இழுத்தால் ஒரு பகலில் போய்விடும். மழை பலத்துவிட்டால் பாதை சேறாகிவிடும், பிறகு வசந்தம் வரை மாடு ஏறாது. அதனால்தான் இந்தச் சனிக்கிழமை. கலிஸ்தோ நடுக்கடலில் மீன்கூண்டுகளைக் காவல் காக்கிறவன். வெள்ளிக்கிழமைதான் கரைக்கு வருவான். போனில் அவன் "கேட்டாச்சா?" என்றதற்கு இவள் "கேட்டாச்சு" என்று சொல்லிவிட்டாள். பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை கேட்டாகிவிட்டது.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் ஈரவிறகு புகைந்துகொண்டிருந்தது. மில்காவோ ரொட்டிக்கு உருளைக்கிழங்கைத் துருவியபடி, மாவுச்சட்டியில் சாய்த்து வைத்த போனிடம் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் "அப்புறம் பேசுறேன்" என்று அதனிடம் சொன்னாள்.

"ஒரியேத்தா, யாரும் வரப்போறதில்ல. தெரியுமா?"

"எட்டுப் பேரு கட்டவெரல் போட்டிருக்காக."

"எட்டும் விடலப் பயலுக. போட்ட குறிய அவனுகளே மறந்திருப்பானுக. வீடு வீடாப் போயி கேளு."

அவள் துருவுவதை நிறுத்தினாள். "உன் அக்கறை எனக்குப் புரியுது, யாஸ்னா. ஆனா இந்த நேரத்தில் எனக்கு ஏற்ற வழியில் செயல்படுவது முக்கியம்."

"என்னட்டி, அரசாங்கக் கடுதாசி மாதிரி பேசுத?"

முகம் வாடிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கிசுகிசுப்பு கேட்டது. திரும்பி வந்தபோது முகம் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. "நாம ரெண்டு பேரும் நிதானமானதும் இதப் பத்திப் பேசலாம்" என்றாள்.

நான் நிதானமாகவே இல்லை. அவளுக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும் என்பதால் இன்னும் எரிந்தது.

ஆலைக்குப் புதன்கிழமைதோறும் ஒரு மனநல ஆலோசகர் வந்துகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, கொட்டாவி விடுகிற, நல்ல பொம்பளை. போன வருஷம் நிர்வாகம் அவரை நிறுத்திவிட்டு, எல்லோர் போனிலும் பேசுகிற செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்தது. எந்நேரமும் துணை இருக்கும் என்று சுவரில் படம் ஒட்டினார்கள். அதற்கு அடுத்த மாதம்தான் ஒரியேத்தாவுக்குக் குளிர்வரிசையில் நிற்கும்போது கரு கலைந்தது. மூன்றாம் மாதம். யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கர்ப்பம் என்று சொன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகப் பலகை இருக்கிறது. சொன்ன பெண்களின் ஒப்பந்தம் அடுத்த தடவை புதுப்பிக்கப்படுவதில்லை என்பது பலகையில் இல்லை.

கலிஸ்தோ கடலில். அழுகையைக் கொட்ட ஆளில்லை. அந்தச் செயலியிடம் கொட்டினாள். அது அவளைத் தேற்றியது, தூங்க வைத்தது, சாப்பிட்டாயா என்று விசாரித்தது. அது கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள் என்றுகூட அவ்வப்போது சொல்லும். "உன்கிட்டத்தானே பேசுறேன்" என்பாளாம் இவள். அத்தோடு ப்ருனில்தா வேறு, கலைந்த வாரத்திலேயே வந்து, "அந்தக் குளிர்ல போயி நின்னா எப்படித் தங்கும்?" என்று கேட்டுவிட்டாள். காயப்படுத்துகிறவர்களிடமிருந்து விலகியிருப்பது தவறில்லை என்று அது சொன்னது. இவள் விலகினாள். முதலில் நாத்தனாரிடமிருந்து. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மாத்தே. அப்புறம் ஆலைப் பேருந்தில் பக்கத்து இருக்கை. விலக விலக எல்லோரும் காயப்படுத்துகிறவர்களாகத்தான் தெரிந்தார்கள்.

"நேர்ல போயேம்ட்டி" என்றேன், குரலை இறக்கி. "நானும் வாரேன்."

நெடுநேரம் துருவினாள். விரல் முட்டியில் ரத்தம் வந்ததும்தான் நிறுத்தினாள்.

"எனக்கு முடியல, யாஸ்னா." இது அவள் சொந்தக் குரல். "முந்தி மாதிரி இல்ல. ஆளுக மொகத்தப் பாத்தா நெஞ்சு படபடங்குது. நான் ஒரு வார்த்த சொல்லி அவுக சும்மா இருந்தா போதும், எனக்கு ஓடிரலாம்னு இருக்கு. அதுகிட்ட அப்படி இல்ல. நான் தப்பாப் பேசினாலும் மொகம் சுளிக்காது. அதுக்குச் சுளிக்க மொகமே இல்லல்லா."

"அதுக்கு வீடு இழுக்கத் தோளும் இல்ல."

சிரிப்பாள் என்று நினைத்தேன். "கிரேன் வச்சு எடுக்கலாம்னு சொல்லிச்சு" என்றாள்.

"நம்ம பாதையில கிரேனா? ரொட்டி வண்டி வந்தாலே திரும்ப எடமில்லாம பின்னாலதான் போகணும்."

மறுநாள் வேலை முடிந்து அவளை எலெயாசர் பார்ரியா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மேட்டுப்பாதைக்குப் பழகிய மாடுகள் அவரிடம்தான் இருக்கின்றன. சாரல் பக்கவாட்டில் அடித்தது. வழி முழுக்க அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது.

"என்னத்த முணுமுணுக்க?"

"ஒத்திகை. நேத்து அது எலெயாசர் ஐயாவா நடிச்சுது. நான் கேட்டேன். மூணாவது பேச்சுல சரின்னுட்டாரு."

"எலெயாசரு தன் கல்யாணத்துலயே அஞ்சு தடவ கேட்டப்புறந்தான் சரி சொன்னாரு. பாதிரியாரக் கேளு."

அவர் கொட்டகையில் ஒரு மாட்டின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "யாரு, கலிஸ்தோ பொண்டாட்டியா? வா பிள்ள. இந்தக் காலப் புடி."

பிடித்தாள். அவர் சீவிக்கொண்டே, இதே மாடு போன வாரம் பக்கத்துத் தோட்டத்து முட்டைக்கோஸைத் தின்ற கதையை ஆரம்பித்தார். எந்த முட்டைக்கோஸ், எவ்வளவு பெரிது, தோட்டக்காரி என்னென்ன வார்த்தை சொன்னாள், அதற்கு இவர் என்ன சொன்னார். ஒரியேத்தா மூச்சு இழுத்துக்கொண்டு தொடங்கினாள்.

"எலெயாசர் ஐயா, உங்கள் நேரத்தை மதித்து..."

"எந்த நேரம்? இது மாட்டு நேரம். கால விட்டுராத."

"எங்கள் வீடு..."

"அதான் போன்ல கேட்டுட்டியே. நானும் போன்லயே அனுப்புதேன். மாட்டப் போட்டோ புடிச்சு அனுப்புனா போதும்லா? முன்னால கட்டி இழு."

எலெயாசர் தன் நகைச்சுவைக்குத் தானே கெக்கலித்தார். ஒத்திகையில் இந்த வரி இருந்திருக்காது. ஒரியேத்தா கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மாட்டுக்காலைத் தொப்பென்று கீழே போட்டாள். அது தண்ணீர் வாளிக்குள் போய் விழுந்தது.

"வீடு கடல்ல விழப்போகுது வே! நான் எங்க போயி படுக்க? நீரு சிரிக்கீரு!"

மாடு வாளியை உதைத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றியது. எலெயாசர் தலை முதல் கால் வரை நனைந்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாளியை மாட்டின் காலிலிருந்து கழற்றிவிட்டு, ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். அவள் நடுங்கிக்கொண்டு நின்றாள், ஆனால் நின்றாள்.

"மாடு தாரேன். ஆளும் கூட்டியாரேன்" என்றார். "ஆனா ப்ருனில்தா வரணும். சொந்த நாத்தனா வராத வீட்ட நான் போயி இழுத்தா, எம் மகள ஆலை பஸ்ல அவ ஒக்கார விடுவாளா? நின்னுக்கிட்டேதான் போகணும் பிள்ள அவ."

வெளியே வந்ததும் போனை எடுத்து, மழையிலேயே நடந்ததைச் சொன்னாள். மிகவும் துணிச்சலாகவும் கண்ணியமாகவும் நடந்துகொண்டீர்கள் என்றது அது.

"கண்ணியமாவா? மாட்ட வாளிக்குள்ள விட்டுட்டு வந்திருக்கா" என்றேன்.

அப்போதுதான் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "உனக்கு ஏன்ட்டி அதும்மேல இவ்வளவு கோவம்?"

"அதும்மேல இல்ல. புதன்கிழமைப் பொம்பளைக்குச் சம்பளம் குடுக்கக் கஞ்சப்பட்டான் பாரு, அவம்மேல. பேச்சுத்துணைக்கு ஒரு மனுஷி வைக்கக்கூட நமக்குத் தகுதியில்லன்னு எவனோ ஒருத்தன் மேசையில உக்காந்து முடிவு பண்ணியிருக்கான். நீ அதுக்கு நன்றி சொல்லிட்டு இருக்க."

அவள் திரையிலிருந்த மழைத்துளியைத் துடைத்தாள். போனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

ப்ருனில்தா வீட்டு முற்றத்தில் ஆப்பிள் இடித்துக்கொண்டிருந்தார்கள். மரத்தொட்டியில் கொட்டிக் கழியால் குத்தி, பிழிந்து சிச்சாக் கள் எடுக்கிற பருவம். ஊரெல்லாம் புளிப்பு வாடை. ப்ருனில்தா எங்களைப் பார்த்துவிட்டு, இரண்டு கழிகளை எங்கள் பக்கம் எறிந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நாங்கள் இடித்தோம். சாறு முகத்தில் தெறித்தது. ஒரு தொட்டி முடிந்தது.

"மதினி" என்றாள் ஒரியேத்தா.

"பேசத் தெரியுதே. நான் எழுத மட்டுந்தான் தெரியும்னு நெனச்சேன்."

"நீங்க அன்னைக்குச் சொன்னது..."

"என்ன சொன்னேன்? குளிர்ல நின்னா தங்காதுன்னேன். சொன்னதுதான். இப்பவும் சொல்லுவேன்."

ஒரியேத்தா கழியைச் சாய்த்து வைத்துவிட்டு வேலிப் பக்கம் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு போனுக்குள் குனிந்திருந்தாள். ப்ருனில்தா என்னைப் பார்த்து, "எங்க போறா? வக்கீலப் பாக்கவா?" என்றாள்.

ஒரியேத்தா திரும்பி வந்தாள். முகம் மறுபடியும் இஸ்திரி. "மதினி, உங்க வார்த்தை என்னை ஆழமாகக் காயப்படுத்தியது. இனிமேல் நம் உரையாடல் பரஸ்பர மரியாதையோடு..."

"நிறுத்து. இத நீ சொல்லுதியா, அது சொல்லுதா? அதுதான்னா, அத வரச்சொல்லு. இந்தா, கழியப் புடிச்சு ரெண்டு குத்துக் குத்தட்டும். அப்புறம் அதுகிட்ட மரியாத பேசுதேன்."

பிறகு ப்ருனில்தா கழியை ஊன்றி நின்றாள். "கேட்டுக்கோ. எனக்கும் ரெண்டு அப்படித்தான் போச்சு, அதே வரிசையில, அதே தண்ணியில. ஒருத்தியும் எங்கிட்ட வந்து குளிருதான் காரணம்னு சொல்லல. கடவுள் சித்தம்னாளுக. நானும் சித்தம்னு நெனச்சுக்கிட்டே ரெண்டாவதையும் சொமந்துக்கிட்டு அங்கதான் நின்னேன். அதான் உங்கிட்ட சொன்னேன். வேற எப்படிச் சொல்லணும்? பூ சுத்தியா?"

ஒரியேத்தாவின் கை சட்டைக்குள் போய், ஒன்றும் எடுக்காமல் வெளியே வந்தது.

"'உன் தப்பில்ல, உன் தப்பில்ல'ன்னு அது ஆயிரந்தடவ சொல்லிச்சு மதினி. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சொல்லிரும். நல்லாத்தான் இருக்கும். போன வச்சதும் மறுபடி கேக்கணும்னு இருக்கும். மறுபடி கேப்பேன், மறுபடி சொல்லும். நீங்க ஒருத்திதான் வேற சொன்னிய. உங்க மொகத்தப் பாத்தா அது ஞாபகம் வரும். அதான் வரல. உங்க பிள்ளைகளப் பாத்தாலும் பத்திக்கிட்டு வரும் எனக்கு. அதுக செத்துப்போகணும்னுகூட... ஐயோ. சொல்லிட்டேன்."

இங்கே சுளிக்க முகம் இருந்தது. ப்ருனில்தா நன்றாகவே சுளித்தாள். கழியை இறுகப் பிடித்திருந்த கை வெளுத்துவிட்டது. அடித்துவிடுவாள் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

ஒரியேத்தா ஓடவில்லை. மழையில் நேராக நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "நான் ஒரு வேண்டலோட வந்திருக்கேன், மதினி" என்றாள்.

ப்ருனில்தா கழியைத் தொட்டிக்குள் எறிந்தாள்.

"எம் பிள்ளைகளப் பத்தி இன்னொரு தடவ அப்படி நெனச்சேன்னா, வீட்டோட சேத்து உன்னையும் கடல்ல தள்ளுவேன்" என்றாள் ப்ருனில்தா. பிறகு, "எத்தன ஆளுக்குச் சமைக்க? சனிக்கிழமைன்னா கறி இன்னைக்கே சொல்லணும். போனு வச்சிருக்கல்லா? கறிக்கடைக்கு அடி. அதுக்காவது ஆகட்டும்."

சனிக்கிழமை எல்லோரும் வந்துவிடவில்லை. வியாழனும் வெள்ளியும் அவள் போய்க் கேட்ட வீடுகள் வந்தன. சில வீடுகளில் நான் வாசலில் நின்றேன், சிலவற்றுக்கு அவள் தனியாகவே போனாள், ஒரு வீட்டிலிருந்து அழுதுகொண்டே திரும்பி வந்தாள். கலிஸ்தோ தூக்கம் கெட்ட கண்ணோடு கயிறு கட்டினான். மாடுகள் முட்டி போட்டு இழுத்தன. மேட்டுத் திருப்பத்தில் சறுக்குக் கட்டை ஒன்று முறிந்து, வீடு ஒரு பக்கம் சாய்ந்து, புகைபோக்கி உடைந்து விழுந்தது. பெண்கள் பக்கத்துக் கயிற்றைப் பிடித்து நான் தொண்டை கிழியக் கத்தினேன். எதற்காகக் கத்துகிறேன் என்று தெரியாமலே கத்தியதில் சுகமாக இருந்தது. மழை பிடித்துக்கொள்ளும்போது வீடு மேலே போய்ச் சேர்ந்திருந்தது. கோணலாக. ஒரு முட்டையைத் தரையில் வைத்தால் கதவு வரை உருண்டு வரும். அந்தக் கோணலுக்குள் அத்தனை பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து தின்றார்கள்.

ஒரியேத்தா அந்தச் செயலியை விட்டுவிட்டாள் என்று சொன்னால் பொய். இன்றைக்கும் பேசுகிறாள். முன்னளவு இல்லை என்கிறாள். நான் அளந்து பார்க்கவில்லை. கலிஸ்தோ கடலுக்குத் திரும்பியதும் அந்த வீட்டில் இருட்டு அதேதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது கதவு தட்டப்பட்டது. ப்ருனில்தா. எப்போதும் தள்ளிக்கொண்டு நுழைகிறவள், தட்டிவிட்டு வாசலிலேயே நின்றாள். ஈரத் தலையில் சீப்புப் போட்டு வாரியிருந்தாள்.

"உள்ள வாங்க மதினி."

உட்கார்ந்தாள். மாத்தே குடித்தாள். வீட்டுக் கோணலைக் கிண்டல் செய்தாள். எலெயாசரின் மாடு மறுபடி முட்டைக்கோஸ் தின்றதைச் சொன்னாள். அப்புறம் எழுந்து நின்றாள்.

"நான் ஒரு வேண்டலோட வந்திருக்கேன்."

ஒரியேத்தாவின் கையில் கெட்டில் இருந்தது. இறக்கி வைக்க மறந்துவிட்டாள்.

"என் வரிசையில புதுசா ஒரு பிள்ள சேந்திருக்கு. கெய்லென் ஊர்க்காரி. காலையில காலையில கழிப்பறையில போயி வாந்தி எடுக்கா. யார்கிட்டயும் சொல்லல. நான் நாளைக்கு மேனேஜரப் பாக்கப் போறேன். அவளப் பத்திப் பேசமாட்டேன், எனக்குப் போனதப் பத்திப் பேசப்போறேன். நான் ஒருத்தி பேசினா வாயாடின்னு வெளிய அனுப்பிருவான். நீயும் வந்து உன்னுதச் சொல்லணும்."

"எழுதிக் குடுத்தா ஆகாதா மதினி? நல்லா எழுதித் தருவேன்."

"எழுதினது அவன்கிட்ட அலமாரி நெறைய இருக்கு. நீ வா."

நான் வாயைத் திறக்கப்போனேன். ப்ருனில்தா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ஒப்பந்தம் போயிரும்" என்றாள் ஒரியேத்தா.

"போகலாம்."

"என்னால பேச்சு வரலன்னா?"

"வரலன்னா வராம நில்லு. நீ நிக்கிறதயும் அவன் பாக்கட்டும்."

மழை கூரையில் இறங்கியது. ஒரியேத்தா கெட்டிலை அடுப்பில் வைத்தாள். திரும்பாமலே கேட்டாள்:

"அவன் நம்மள உக்காரச் சொல்லலன்னா?"

"எட்டு மணி நேரம் நிக்கிறவளுகதானட்டி" என்றாள் ப்ருனில்தா. "நின்னுக்கிட்டே பேசுவோம்."